வாழைப்பூவும் ஆர்த்திஷோவும்: காயா தின்னுங்க, மருந்தா நம்பாதீங்க



இந்தப் பொங்கலுக்கு எங்க தெருவுக்கு பிரான்சு அண்ணன் வந்திருந்தாரு. புதுச்சேரிக்காரங்களுக்கு இது புரியும், மத்த ஊர்க்காரங்களுக்காகச் சொல்றேன். 1962-ல இந்த ஊர் சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்போ, பிரெஞ்சு குடியுரிமையே இருக்கட்டும்னு எழுதிக் கொடுத்த குடும்பங்க இங்க நிறைய உண்டு. அந்த மாதிரி ஒரு வீட்டுப் பிள்ளை அவரு. பாரீசுக்குப் பக்கத்துல வேலை பார்த்து ஓய்வு வாங்கிட்டாரு. வருஷா வருஷம் தையில வில்லியனூர்ப் பக்கம் வந்துடுவாரு. வந்தா எங்க தோப்புல இளநி குடிக்காம போகமாட்டாரு.

இந்த முறை ஒரு பையில ரெண்டு உருண்டையைக் கொண்டாந்து திண்ணையில வச்சாரு. தாமரை மொட்டுக்கு முள்ளும் தோலும் முளைச்சா எப்படி இருக்கும், அப்படி ஒண்ணு. "தம்பி, இதுதான் ஆர்த்திஷோ. டவுன்ல வெளிநாட்டுக் காய் விக்கிற கடையில வாங்கினேன். ரெண்டும் சேர்த்து 500 ரூபா"ன்னாரு. இங்கிலீஷ்ல ஆர்டிசோக். என் வீட்டுக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ஏங்க, இதுல எதைத் தின்றது?"ன்னா. அண்ணன் சிரிச்சாரு. "வாழைப்பூவை முதல் தடவை பார்க்கிற வெள்ளைக்காரன் இதையேதான்மா கேப்பான்."

அன்னிக்குச் சாயங்காலம் அதை வேகவச்சுத் தின்னோம். அதுக்கப்புறம் என் மனசுல ஓடினதைத்தான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

ரெண்டுமே மொட்டுதான்

ஆர்டிசோக் முள்செடி வகை. சூரியகாந்திக் குடும்பம். இத்தாலி, ஸ்பெயின், எகிப்து, பிரான்சு இங்கெல்லாம் பயிர் பண்றாங்க. பிரான்சுல பிரெத்தாஞ் பக்கம் அதிகமாம். குளுமை வேணும் அதுக்கு. எங்க சித்திரை வெயிலுக்கு அது தாங்காது. பூ விரியறதுக்கு முன்னாடியே மொட்டா அறுத்துடணும். விரிஞ்சா ஊதா நிறத்துல பார்க்க அழகா இருக்கும், தின்ன ஆகாது.

வேகவச்சு ஒவ்வொரு மடலாப் பிரிச்சு, அடியில இருக்கிற சதையைப் பல்லால இழுத்துத் தின்னணும். மடல் எல்லாம் போனதும் நடுவுல மயிர் மயிரா ஒரு கொத்து வருது. அது தொண்டையில சிக்கும், எடுத்துப் போட்டுடணும். அதுக்கு பிரெஞ்சுல வைக்கோல்னு பேராம். அதைக் கேட்டு எனக்கு ஒரே சந்தோஷம். நாம வாழைப்பூவுல கள்ளன் எடுக்கிறோம், அவங்க வைக்கோல் எடுக்கிறாங்க. அதுக்கும் கீழ இருக்கிற வட்டமான அடிச்சதைதான் அதோட இதயம். வெந்த பலாக்கொட்டையும் வாழைப்பூக் குருத்தும் சேர்ந்த மாதிரி ஒரு ருசி. நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

இன்னொண்ணும் பார்த்தேன். அண்ணன் காம்பை நறுக்கின உடனே அந்த இடத்துல எலுமிச்சம்பழத்தைத் தேய்ச்சாரு. இல்லைன்னா கறுத்துடுமாம். எங்க ஆத்தா வாழைப்பூவை நறுக்கி மோர்த்தண்ணியில போடும். அதுவும் அதே கணக்குதான். ரெண்டு மொட்டுலயும் துவர்ப்புச் சத்து இருக்குது. காத்து பட்டா கறுக்கும், புளிப்பு பட்டா நிக்கும். கடல் கடந்து ரெண்டு கிழவிங்க ஒரே வைத்தியத்தைக் கண்டுபிடிச்சிருக்காங்க.

சத்து எவ்வளவு?

என் பொண்ணு நர்சு படிப்பு முடிச்சவ. அவகிட்ட சொல்லி ரெண்டுக்கும் அட்டவணை எடுக்கச் சொன்னேன். வாழைப்பூவுக்கு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட கணக்கு. ஆர்டிசோக்குக்கு அமெரிக்க விவசாயத் துறையோட கணக்கு. ரெண்டும் பச்சையா 100 கிராமுக்கு.

வாழைப்பூவுல 34 கலோரி, புரதம் 1.7 கிராம், சுண்ணாம்புச் சத்து 32 மில்லிகிராம், இரும்பு 1.6 மில்லிகிராம்.

ஆர்டிசோக்குல 47 கலோரி, புரதம் 3.3 கிராம், நார் 5.4 கிராம், பொட்டாசியம் 370 மில்லிகிராம், இரும்பு 1.3 மில்லிகிராம்.

நார்ச்சத்துல ஆர்டிசோக் உண்மையிலேயே கெட்டி. அதுல இனுலின்னு ஒரு வகை நார் இருக்குது. அது நமக்குச் செரிக்காது, குடல்ல இருக்கிற நல்ல கிருமிங்களுக்குச் சாப்பாடா ஆகுது. மலம் இளகும், வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும். சில பேருக்கு வாயு பிடிக்கவும் செய்யும். ஃபோலேட் சத்தும் உண்டு, கர்ப்பிணிகளுக்கு வேண்டியது. அதனால நல்ல காய்தான்.

வாழைப்பூவும் நல்ல காய்தான். கலோரி குறைவு, நார் உண்டு, துவர்ப்புச் சத்து உண்டு. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுறவங்களுக்கு 30 கிராம் நாராவது வேணும்னு நம்ம ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லுது. மூணு வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியும் தின்னா அது வராது. அந்த இடத்துலதான் வாழைப்பூவும் வாழைத்தண்டும் அவரைக்காயும் கீரையும் வேணும்.

இப்போ அந்த இரும்புக் கணக்குக்கு வாங்க. ஊரெல்லாம் சொல்றது என்ன? வாழைப்பூ தின்னா ரத்தம் ஊறும். இந்தியாவுல 15 வயசுலேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல நூத்துக்கு 57 பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்லுது. அவங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய இரும்பு 29 மில்லிகிராம். வாழைப்பூவிலேயே அதை எடுக்கணும்னா, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.8 கிலோ தின்னணும். முடியுமா? அதுலயும் துவர்ப்புச் சத்து இரும்பை உடம்புல ஏறவிடாம கொஞ்சம் பிடிச்சுக்கும். எலுமிச்சை பிழிஞ்சு தின்னா, சாப்பிட்ட கையோட டீ குடிக்காம இருந்தா, இரும்பு ஏறுறது கொஞ்சம் கூடும். அவ்வளவுதான். ரத்தம் குறைவுன்னு டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தா அதை விழுங்கணும். பூவைப் பக்கத்துல வச்சுத் தின்னலாம், மாத்திரைக்குப் பதிலா இல்ல.

வாழை விவசாயி நானே இதைச் சொல்றேனேன்னு பார்க்கிறீங்களா? காரணம் இருக்குது.

எங்க அக்கா

எனக்கு ஒரே அக்கா. பாகூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தது. எட்டு வருஷமா சுகர் மாத்திரை போடுது. 2024 ஐப்பசியில யாரோ போன்ல ஒரு சேதி அனுப்பினாங்க. வாழைப்பூச் சாறு ஒரு மண்டலம் குடிச்சா சுகர் வேரோட போயிடுமாம், மாத்திரையே வேணாமாம். அக்கா எனக்குப் போன் போட்டு, "தம்பி, உன் தோப்புப் பூ மருந்து அடிக்காத பூ, வாரம் பத்து அனுப்பு"ன்னுச்சு. அனுப்பினேன். பாகூர் பஸ்ல கோணிப்பையில கட்டி நானே ஏத்திவிட்டேன்.

இதுல என் பங்கு இன்னும் இருக்குது. அப்போ நான் ஞாயித்துக்கிழமைல ரோட்டோரம் பூ விப்பேன். ஒரு அட்டையில, 'சுகருக்கு மருந்து, மருந்தில்லா வாழைப்பூ'ன்னு எழுதி மாட்டியிருந்தேன். காரை நிறுத்தி வாங்கினவங்க எத்தனையோ பேரு. அட்டையில எழுதினதை நானே நம்பினேன். அக்கா மாத்திரையை நிறுத்திடுச்சுன்னு எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேக்கல.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல மழை. அடுத்த நாள் நாத்தமா மண்ணும் தண்ணியுமா எல்லாம் ஒண்ணாக் கெடந்தது. சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகி, பாகூர்ப் பக்கம் வயக்காடெல்லாம் கடலாட்டம் ஆயிடுச்சு. அந்தத் தண்ணியில அக்கா மாட்டைப் பிடிச்சுக் கட்ட ரெண்டு நாள் நடந்திருக்குது. இடது கால் விரல்ல ஏதோ குத்தியிருக்குது. சுகர்க்காரங்களுக்குக் கால்ல உணர்ச்சி குறையும்ங்கிறது அப்போ எங்களுக்குத் தெரியாது. அதுக்கு வலிக்கவே இல்ல.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனப்போ சுகர் 420. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை எப்போ நிறுத்தினீங்க?" அக்கா பதில் சொல்லாம என்னைப் பார்த்துச்சு. ரெண்டு விரலை எடுத்தாங்க. காலே போயிருக்கும், தப்பிச்சதுன்னாங்க.

அக்கா ஒரு நாளும் என்னைக் குத்தம் சொன்னதில்ல. புயல்ல என் தோப்புல 700 மரத்துல நின்னது முப்பதோ நாப்பதோ. ஊர்ல எல்லாரும் மரத்தைக் கேட்டுத்தான் துக்கம் விசாரிச்சாங்க. எனக்கு அது பெருசா படல. மரம் கன்னு வச்சா அடுத்த வருஷம் வரும்.

எலிக்குக் கொடுத்த சாறு

பொண்ணுகிட்ட அப்புறமாக் கேட்டேன், இந்தச் சுகர்க் கதைக்கு அடிப்படையே இல்லையான்னு. அவ சொன்னா, முழுப் பொய்யில்ல, அதுதான் ஆபத்துன்னு. வாழைப்பூச் சாரத்தை சுகர் வரவழைச்ச எலிங்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு இருக்குது, அதுல சர்க்கரை கொஞ்சம் குறைஞ்சும் இருக்குது. ஆனா எலி வேற, எங்க அக்கா வேற. சாரம் வேற, வீட்டு மிக்சியில அடிச்ச சாறு வேற.

ஆர்டிசோக்குக்கும் இதே கதைதான். கொழுப்பைக் குறைக்கும், ஈரலைச் சுத்தம் பண்ணும்னு வெளிநாட்டுல மாத்திரையா விக்கிறாங்களாம். கொழுப்பு கொஞ்சம் குறைஞ்சதாகச் சில ஆய்வுல வந்திருக்குது. ஆனா அதெல்லாம் இலையிலேர்ந்து எடுத்த சாரத்தை வச்சுப் பார்த்தது. தட்டுல வச்சுத் தின்ற மொட்டை வச்சு இல்ல. பித்தப்பையில கல்லு இருக்கிறவங்க அந்தச் சார மாத்திரையைத் தொடக்கூடாதுன்னும் எச்சரிக்கை இருக்குது. உப்புத் தண்ணியில ஊறின டப்பா ஆர்டிசோக்கு பிரஷர்காரங்களுக்கு வேணாம். சிறுநீரகக் கோளாறு இருந்து பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தா, ரெண்டு பூவுக்கும் டாக்டரைக் கேட்டுக்கணும்.

என் அபிப்பிராயம் இதுதான். ஒரு காய்க்கு மருந்துன்னு பேர் வச்சா ரெண்டு கெடுதி. வியாதி உள்ளவன் மாத்திரையை விடறான். வியாதி இல்லாதவன் காயை விடறான், எனக்கு எதுக்கு மருந்துன்னு. சுகர் வந்த பிறகு வாழைப்பூவைத் தேடுறவங்கதான் என்கிட்ட அதிகம் வந்தாங்க. சுகர் வராத சின்னப் பிள்ளைங்க தட்டுல அது இருக்கணும், அதுதான் முக்கியம்.

உங்க பக்கம் ஒரு வார்த்தை, எங்க பக்கம் ஒரு வார்த்தை

பட்டணத்துல இருக்கிறவங்க சொல்றது, "அண்ணே, பிடிக்கும், ஆனா ஆயறதுக்கு நேரமில்ல." அது நியாயம். ஒரு பூ ஆய அரை மணி நேரம் முக்கா மணி நேரம் ஆகும். ஒவ்வொரு பூவுலயும் கள்ளனையும் கண்ணாடி மாதிரி செதிலையும் எடுக்கணும். கையெல்லாம் கறை பிடிக்கும், நல்லெண்ணெய் தடவிக்கணும். ஆனா எங்க வீட்டு நிலவரத்தையும் சொல்றேன். முப்பது வருஷமா அந்த அரை மணி என் பொண்டாட்டியோட அரை மணி. நான் வெட்டிக் கொண்டாந்து போட்டதோட சரி. அக்கா ஆஸ்பத்திரியில இருந்தப்போதான் நான் உக்காந்து ஆய ஆரம்பிச்சேன். டிவி பார்த்துக்கிட்டே ஆயலாம், ஒண்ணும் குறைஞ்சு போகல. ஆம்பளைங்க கை வச்சா பாதி வீட்டுல நேரப் பிரச்சினை தீரும். உள்ள இருக்கிற இளங்குருத்துக்குக் கள்ளன் எடுக்கவே வேணாம், அப்படியே நறுக்கலாம்.

எங்க பக்கம் கணக்கு இது. எங்க ஊர்ல ஏக்கர்னு சொல்றதைவிடக் காணி, குழின்னுதான் சொல்வோம். 100 குழி ஒரு காணி. என்னோடது 60 குழி, ஏழடிக்கு ஏழடி வச்சா 700 மரம். தாருல கடைசிச் சீப்பு விரிஞ்சதும் பூவை ஒடிச்சுடணும், அப்போதான் காய் திரளும். அதனால பூ எங்களுக்கு உபரி. மார்க்கெட்டுக்கு மொத்தமாப் போட்டா பூவுக்கு 6 ரூபா, 8 ரூபா. அதே பூ உங்க கடையில 25, 30. ஆஞ்சு பாக்கெட் போட்டா 60-க்கும் மேல. நடுவுல இருக்கிறவங்களைத் திட்ட வரல, அவங்களுக்கும் வண்டி இருக்குது, வாடகை இருக்குது. ஆனா அந்த ஆயற கூலி எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு வந்தா என்ன?

இப்போ எங்க தெருவுல நாலு பேரு அதைச் செஞ்சு பார்க்கிறாங்க. காலையில வெட்டி, ஆஞ்சு, மோர்த்தண்ணியில அலசி, டப்பாவுல போட்டு, அன்னிக்கே டவுன்ல தெரிஞ்ச வீடுங்களுக்குக் கொடுக்கிறாங்க. ஒரு பூவுக்கு ஆயற கூலி மட்டும் 20 ரூபா. அரைநாள்ல பத்துப் பூ ஆஞ்சா 200. அதுக்குப் பேரம் பேசாதீங்கன்னு கேட்டுக்கிறேன். 250 ரூபா கொடுத்து ஒரு ஆர்த்திஷோ வாங்கலாம், தப்பில்ல, ஆசைக்குத் தின்னு பாருங்க. ஆனா அந்தக் காசுல ஒரு மாசம் வாராவாரம் வாழைப்பூ தின்னலாம், அது இன்னிக்கு ஒடிச்ச பூவா இருக்கும்.

இன்னொரு விஷயம், விவசாயியாச் சொல்றேன். தாரு வெளிய வர்ற நேரத்துல இலைப்பேனுக்குப் பூவுலயே மருந்து ஊசி போடுற வழக்கம் சில இடத்துல இருக்குது. பழத்துக்காக வளர்க்கிறவங்க அப்படிச் செய்வாங்க. அந்தப் பூ தின்ன ஆகாது. அதனால தெரிஞ்ச ஆளுகிட்ட வாங்குங்க, வாங்கும்போது கேளுங்க. மடல் இறுக்கமா, கனமா, அடிக்காம்பு பச்சையா இருந்தா புதுசு.

எப்படித் தின்றது

எங்க வீட்டுல வாழைப்பூவுக்கு ஜோடி சென்னாக்கூனி. நறுக்கின பூவை மஞ்சள்தூள், உப்பு போட்டு முக்கா பதம் வேகவச்சுத் தண்ணி இறுத்துக்கணும். சின்ன வெங்காயம், பூண்டு, காஞ்ச மிளகா தாளிச்சு, வறுத்த சென்னாக்கூனியும் பூவும் போட்டுப் பிரட்டி, தேங்காய்ப்பூ தூவி இறக்கணும். மரக்கறிக்காரங்க சென்னாக்கூனிக்குப் பதிலா வேகவச்ச பாசிப்பருப்போ முருங்கைக்கீரையோ போடலாம். கடைசியில அரை மூடி எலுமிச்சை. வடையும் நல்லாத்தான் இருக்கும், ஆனா எண்ணெயில பொரிச்சதை வச்சுக்கிட்டு நார்ச்சத்துக் கணக்குப் பேசக்கூடாது.

வாரம் ஒரு நாள் போதும். மத்த நாளைக்குக் கீரை, சுண்டல், முருங்கைக்காய், மீனு. எந்த ஒரு காயும் தனியா நின்னு ஒருத்தரைக் காப்பாத்தாது.

ரோட்டோரம் இப்பவும் ஞாயித்துக்கிழமை கடை போடறேன். புயலுக்கப்புறம் வச்ச கன்னு தாரு தள்ளியிருக்குது. பழைய அட்டையைக் கிழிச்சுப் போட்டாச்சு. புது அட்டையில, 'வாழைப்பூ, இன்னிக்கு ஒடிச்சது, 15 ரூபா'ன்னு மட்டும் இருக்குது. போன வாரம் ஒருத்தரு காரை நிறுத்தி, "சுகருக்கு நல்லதுதானே?"ன்னு கேட்டாரு. "உங்க மாத்திரையைப் போட்டுக்கிட்டுத் தின்னா நல்லதுங்க"ன்னேன். ஒரு மாதிரிப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு. முன்னெல்லாம் அப்படி வர்றவங்க அஞ்சு வாங்குவாங்க.

பரவாயில்ல. அக்காவுக்கு இப்பவும் பூ அனுப்பறேன், வாரம் ரெண்டு. பஸ்ல ஏத்திட்டு போன் போட்டு, பூ வந்துச்சான்னு கேக்கிறதுக்கு முன்னாடி மாத்திரை போட்டியான்னுதான் கேக்கறேன்.